ஒரு லிட்டருக்கு எத்தனை மணி நேரம்?

தென்தமிழ்நாட்டில் திருவேங்கடம், சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்தால் தவறாமல் ஒரு பேச்சு எழும். "அங்க தண்ணி வெலையவிட பெட்ரோல் வெல கம்மி" என்பார் குவைத்திலிருந்து வந்தவர். "சிங்கப்பூர்ல கார் வாங்குற காசுக்கு இங்க வீடே கட்டிரலாம்" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். குவைத்தில் சாதாரணப் பெட்ரோல் 2016 செப்டம்பரிலிருந்து லிட்டருக்கு 85 ஃபில்ஸ், 2025 மாற்று மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 24 ரூபாய். மலேசியாவில் அந்நாட்டுக் குடிமக்களுக்கான மானிய விலை நாற்பது ரூபாயையொட்டி. அதே ஆண்டில் நமக்கு 101 ரூபாய். ஹாங்காங்கில் 250 ரூபாய்க்கும் மேல். இந்த எண்களை வரிசையாக அடுக்கினால் உலகத்தில் யார் கொடுத்து வைத்தவர், யார் பாவப்பட்டவர் என்று தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் ரூபாய்க்கு மாற்றிய விலைப் பட்டியல் சொல்வதைவிட மறைப்பதுதான் அதிகம் என்பது என் முடிவு. அந்த லிட்டரை வாங்க ஒருவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார், அதை ஊற்றாமலே வேலைக்குப் போக அவருக்கு வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் வேறொரு படம் தெரியும்.

முதலில் நம் 101 ரூபாய் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். 2010 ஜூன் 26 அன்று பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து மத்திய அரசு விலகிக்கொண்டது. டீசலுக்கு அது 2014 அக்டோபரில் நடந்தது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை நாடு முழுவதும் வந்தது. உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். நடந்தது வேறு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை வரலாற்றில் முதல்முறையாகப் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் கூட்டப்பட்டது. உலகமே மலிவாக வாங்கிய மாதங்களில் அந்த மலிவு நம் பங்க்குகளுக்கு வந்து சேரவில்லை. 2021 ஜூலை 2 அன்று சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது.

பிறகு சில குறைப்புகள் வந்தன. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த தமிழக நிதிநிலை அறிக்கை மாநில வரியில் லிட்டருக்கு மூன்று ரூபாயைக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய கலால் வரி குறைந்தது. மக்களவைத் தேர்தலுக்கு முன் 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் இரண்டு ரூபாய் குறைத்தன. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் தேர்தல் நடந்த காலம் முழுவதும், விலை அசையவே இல்லை. முடிவுகள் வந்த சில நாட்களில் மீண்டும் ஏறத் தொடங்கியது. தினமும் மாறும் விலை என்பது பெயரளவில்தான்.

2025 கணக்கில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கொடுக்கும் 101 ரூபாயில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. மாநிலம் 13 விழுக்காட்டோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு எடுக்கிறது. மத்திய அரசின் பங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 2025 ஏப்ரலுக்கு முன் வசூலான 19 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதமெல்லாம் கூடுதல் தீர்வை, மேல்வரி என்ற பெயர்களில் மத்தியக் கருவூலத்தோடு நின்றுவிடும். திருவேங்கடத்தில் பெட்ரோல் போடுகிறவர் கொடுக்கும் மத்திய வரியில் மிகச் சிறு துளிதான் பகிர்வு வழியாக மாநிலத்துக்குத் திரும்பி வருகிறது. இதை நம் மேடைகளில் பேசியது போதாது என்றே நினைக்கிறேன்.

வரி வேற்றுமையைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியதில்லை, கேரள எல்லையோரச் செங்கோட்டைவரை போனால் போதும். கேரளத்தில் பெட்ரோல் நம்மைவிட ஐந்து ரூபாய்க்கு மேல் அதிகம். 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களுக்கென்று அந்த அரசு லிட்டருக்கு இரண்டு ரூபாய் மேல்வரி போட்டது. பாவூர்சத்திரத்துக் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும் புளியரை வழியே கொல்லம் பக்கம் போகின்றன. அவற்றை ஏற்றிய லாரிகள் எல்லை தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிக்கொள்கின்றன. கேரளப் பதிவெண் கொண்ட கார்களும் இப்பக்கம் வந்தால் நிரப்பாமல் திரும்புவதில்லை.

இனி உழைப்புக் கணக்கு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு மணி இருபத்துநான்கு நிமிட வேலை. அமெரிக்காவில் மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அங்கே 2025இல் பெட்ரோல் லிட்டருக்கு 85 சென்ட்டையொட்டி இருந்தது. ஏழு நிமிட வேலை. ஜெர்மனியில் அப்போது பெட்ரோல் 1.70 யூரோ, நம் கணக்கில் 160 ரூபாயைத் தாண்டும். ஆனால் 2025இல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. எட்டு நிமிடம் உழைத்தால் ஒரு லிட்டர் கிடைத்துவிடும். மலேசியாவில் 2025இல் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதக் கூலியை வைத்துப் பார்த்தால் கால்மணி நேரம். பட்டியலில் நமக்கு மேலே, 'விலை அதிகமான நாடு' என்று நிற்கும் ஜெர்மனி இந்தக் கணக்கில் எங்கோ கீழே போய்விடுகிறது.

நம்மவர் பைக்கில் போகிறார், அமெரிக்கர் பெரிய காரில் போகிறார், லிட்டரோடு லிட்டரை ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கணக்கிடுவோம். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் அந்தத் தூரத்துக்கு இருபது ரூபாய் செலவு, அதாவது அரைமணி நேரக் கூலி. அமெரிக்கரின் கார் அதே தூரத்துக்கு ஒரு லிட்டர் குடித்தாலும் அவருக்கு ஏழு நிமிடம். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயில் பயணம் செய்தும் நம் கூலித் தொழிலாளி நான்கு மடங்கு நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது. தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு நாட்கூலியில் ஏறத்தாழ கால்பங்கு டேங்கிலேயே போய்விடும்.

இந்த நெருக்கடி பழக்கங்களை உண்டாக்கியிருக்கிறது. ஐரோப்பாவில் டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். நம் ஊர்ப் பங்க்கில் "நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே" என்பதுதான் வழக்கம். 2010 ஜூனில் விலைக் கட்டுப்பாடு நீங்கியபோது அந்த நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் கிடைத்தது. இப்போது ஒரு லிட்டர்கூட நிறைவதில்லை. கேட்கும் தொகை மாறவில்லை, போகிற தூரம்தான் சுருங்கியது. பங்க் தொலைவிலுள்ள கரிசல்காட்டுக் கிராமங்களில் பெட்டிக்கடைப் பாட்டில் பெட்ரோலை நம்பியிருப்பவர் இன்னும் கூடுதலாகக் கொடுக்கிறார். மலையிறக்கத்தில் லாரியை நியூட்ரலில் விடுவது, ஒரு பைக்கில் மூன்று பேர் ஏறுவது, குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியில் சரக்கின்மேல் ஆட்களை ஏற்றுவது எல்லாமே எண்ணெய்க் காசை மிச்சம்பிடிக்கும் வழிகளாகத் தொடங்கியவை. நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. பிரேக் தேய்ந்து சூடேறி, தேவையான நேரத்தில் பிடிக்காமல் போகும்.

நாம் வண்டி வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி 'மைலேஜ் எவ்வளவு' என்பது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-உம் 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-உம் இந்தக் கேள்விக்குப் பதிலாகவே விற்றன. எரிபொருள் சிக்கனத்தை ஐரோப்பிய அரசுகள் சட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. இங்கே கூலிக்காரரின் சட்டைப்பையே அதைச் செய்தது. அதனால்தான் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி 2025இல் எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. பழைய இரு சக்கர வண்டிகளில் மூன்று, நான்கு விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. மைலேஜ் குறையும், விலை குறையாது என்றால் அது அறிவிக்கப்படாத விலையேற்றம்.

விலை மலிந்த நாடுகளுக்குப் போவோம். வளைகுடாவில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை அணைக்காமலே காரைக் கடைவாசலில் நிறுத்திவிட்டுப் போவது சாதாரணக் காட்சி. ஆனால் அந்த மலிவு நம் ஆட்களுக்கு உரியதாக இல்லை. கட்டுமான முகாமில் தங்கும் நம் தொழிலாளி நிறுவனப் பேருந்தில் போய் வருகிறார். குவைத்தில் வெளிநாட்டவர் ஓட்டுநர் உரிமம் பெற 600 தினார் சம்பளமும் பட்டப்படிப்பும் வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 24 ரூபாய் பெட்ரோல் கிடைக்கும் நாட்டில் அவர் பெட்ரோலே வாங்குவதில்லை. மலிவு நிலைத்ததும் இல்லை. சவூதியில் 2015 இறுதிவரை லிட்டருக்கு 45 ஹலாலா விற்ற பெட்ரோல் 2021 ஜூலைக்குள் 2 ரியால் 18 ஹலாலா ஆனது. ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஐக்கிய அரபு அமீரகம் 2015 ஆகஸ்டிலேயே விலையை உலகச் சந்தையோடு கட்டிவிட்டது.

ஜொகூர் பாலத்தின் இரு பக்கமும் தமிழர் வாழ்கிறார்கள். விலைக்கும் பழக்கத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. சிங்கப்பூர் 1990இல் கார் வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் விற்கத் தொடங்கியது. பத்தாண்டுக்கான அந்த உரிமைச் சான்று பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 1,50,001 சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. காரின் விலை அதற்குமேல் தனி. அக்கரையில் மலேசியா பெட்ரோலுக்கு மானியம் கொடுக்கிறது. பாலம் தாண்டி நிரப்பிவர எல்லோரும் கிளம்பிவிடக் கூடாதென்று, சிங்கப்பூர்ப் பதிவெண் கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்று 1991 முதல் சட்டம். மலேசியாவோ 2010இல் வெளிநாட்டு வண்டிகளுக்கு மானியப் பெட்ரோலை மறுத்தது. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்கள் மட்டும் அடையாள அட்டையைக் காட்டி மாதம் 300 லிட்டர்வரை 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது.

சிங்கப்பூரில் பெரும்பாலோர் கார் இல்லாமல் வாழ்வதற்குப் பெட்ரோல் விலை மட்டும் காரணமில்லை. நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் 1975இலேயே வந்துவிட்டது. வசதியான ரயிலும் பேருந்தும் அதோடு சேர்ந்து வளர்ந்தன. மலேசியாவில் மலிவுப் பெட்ரோலும் உள்நாட்டுக் காரும் சேர்ந்து, கார் இல்லாமல் பல ஊர்களில் அன்றாட வேலை நடக்காத நிலையை உண்டாக்கின. தோட்டங்கள் கைமாறியபின் பட்டணத்துப் புறநகர்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் காரின் மாதத் தவணையே பெரும் சுமை. மலிந்த எண்ணெய் அவர்களை அந்தத் தவணையில் கட்டிப்போட்டது என்றே நான் பார்க்கிறேன்.

இலங்கையை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது. எரிபொருள் இல்லாமல் ஒரு சமூகம் என்ன செய்யும் என்பதைத் தமிழர்களிலேயே யாழ்ப்பாணத்தார்தான் முழுமையாக அறிந்தவர்கள். 1990இல் உள்நாட்டுப் போரின்போது தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் வடக்குக்குப் போவது நின்றது. காபரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஆஸ்டின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடின. மற்றப்படி சைக்கிள்தான். ஆசிரியரும் மருத்துவரும் மாணவியும் சைக்கிளில் போனார்கள். நோயாளியையும் சைக்கிளில் கொண்டுபோனார்கள். அதைப் 'பசுமைப் பழக்கம்' என்று யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும். அது திணிக்கப்பட்ட துன்பம்.

முப்பது ஆண்டு கழித்து 2022இல் முழுத் தீவும் வரிசையில் நின்றது. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல், அந்நியச் செலாவணி தீர்ந்துபோனதால் 2022 ஜூன் 26 அன்று 470 ஆனது. அடுத்த நாளே அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. நாள்கணக்கில் வரிசையில் நின்று மயங்கி இறந்தவர்கள் உண்டு. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. ஓராண்டுக்கு மேல் நீடித்து 2023 செப்டம்பரில் முடிந்தது.

அந்த 470 ரூபாயை மலையகத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். ஒரு லிட்டர் பெற்றோல் அரைநாள் கூலி. அவரிடம் வண்டி இல்லை, அதனால் பாதிப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. பேருந்துக் கட்டணமும் மாவு விலையும் உடனே ஏறின. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனது. தோட்டத்து லயன் வீட்டு அடுப்பையும் வடக்கு மீனவரின் படகு எஞ்சினையும் அது ஒரே நாளில் தாக்கியது. பங்க் பக்கமே போகாதவர்மீதும் எண்ணெய் விலை இப்படி விழும்.

மற்ற நாடுகளின் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973 அரபு எண்ணெய்த் தடையின்போது நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தன. அமெரிக்கா மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பைக் கொண்டுவந்தது. நெருக்கடி தணிந்ததும் நெதர்லாந்து சைக்கிள் பாதைகளைக் கட்டிக்கொண்டே போனது. அமெரிக்கா 1995இல் வேக வரம்பையும் கைவிட்டது, பெட்ரோல்மீதான மத்திய வரியை 1993க்குப் பிறகு ஒரு சென்ட்கூட உயர்த்தவில்லை. ஒரே அதிர்ச்சி, இரண்டு விளைவுகள். நார்வே எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனாலும் பெட்ரோலுக்குக் கடும் வரி போட்டு, மின்காருக்கு வரிவிலக்கு கொடுத்தது. 2024இல் அங்கே விற்ற புதுக் கார்கள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். மாற்று வழி தராமல் விலையை மட்டும் ஏற்றினால் என்னாகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2018 நவம்பரில் பிரான்சின் சிற்றூர்க்காரர்கள் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சாலைச் சந்திகளை மறித்தார்கள். 2019 நவம்பரில் ஈரானில் ஒரே இரவில் ஏறிய விலை பெரும் போராட்டமாகி உயிர்களைக் குடித்தது. பாரிசில் மெட்ரோ இருக்கிறது. எரிபொருள் வரி உறைத்தது அது இல்லாத ஊர்களில்தான்.

திருவேங்கடமும் அத்தகைய ஊர்தான். ரயிலேற வேண்டுமானால் சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ போக வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் சிவகாசிப் பக்கம், விசைத்தறிக்குச் சங்கரன்கோவில், கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் வேறு ஊர். இப்படிப்பட்ட இடங்களில் விலையேறினால் பயணம் குறைவதில்லை, வீட்டில் வேறு செலவு குறைகிறது. இந்தியாவில் பெட்ரோலில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இரு சக்கர வண்டிகளே குடிக்கின்றன என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பிரிவுக்காக 2014இல் வெளியான நீல்சன் ஆய்வு காட்டியது. அப்படியானால் பெட்ரோல் வரி பணக்காரர்மீதான வரி அல்ல. டிவிஎஸ் எக்செல்லில் காய்கறி மூட்டை கட்டிப்போகிறவர்மீதான வரி அது.

அந்த வண்டிதான் மிக ஆபத்தானதும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். 17,884 பேர் மாண்டார்கள். மலிவான பயணத்துக்காக மக்கள் தங்கள் உடலைப் பணயம் வைக்கிறார்கள்.

இதற்கு மருந்து எங்கே இருக்கிறது? லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் தினம் நாற்பது கிலோமீட்டர் போகிறவருக்கு நான்கு ரூபாய் மிச்சம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது தேவைதான். ஆனால் அரசுப் பேருந்து ஒரு லிட்டர் டீசலில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. ஐம்பது பேர் ஏறினால் அந்த லிட்டர் பைக்கைவிட ஐந்து மடங்கு வேலை செய்கிறது. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது எந்தப் பெட்ரோல் விலைக்குறைப்பையும்விடப் பெரியது. ஒரு லிட்டருக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வியையே அது அவருக்கு இல்லாமல் செய்துவிட்டது. அந்தப் பேருந்து வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் ஊருக்குள் வந்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். வராத ஊர்களில் ஆண்கள் கடன் வாங்கிப் பைக் வாங்குகிறார்கள், பெண்கள் பக்கத்து ஊர் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவதை 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் ஏற்கவில்லை. விரைவில் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. இன்னொரு வழி மின் ஸ்கூட்டர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அவற்றைச் செய்து நாடெங்கும் அனுப்புகின்றன. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவரால் அவற்றின் விலையை மொத்தமாகக் கொடுக்க இயலாது. குறைந்த வட்டிக் கடன் இருந்தால் முடியும். இவை இரண்டையும்விட விரைவாகச் செய்யக்கூடியது பேருந்து.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் பெட்ரோல் விலையைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வருகிறவரிடம், வசூலாகும் வரியில் எங்கள் தாலுகாவுக்கு எத்தனை பேருந்து வரும் என்று கேளுங்கள். காலை ஷிப்டுக்கு முன் ஒன்றும் இரவு எட்டு மணிக்குப் பின் ஒன்றும் எங்கள் ஊர் வழியாக ஓடுமா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.